இலையைத் திருப்பிப் பாருங்க: வீட்டுத் தோட்டத்தில் பூஞ்சாண நோய்களைத் தடுப்பதும் சமாளிப்பதும்

ஐப்பசி மழை நாலு நாள் பெய்து ஓய்ந்ததும் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தால், ரோஜா இலையில் கருப்புப் புள்ளிகள் இருக்கும். போன வாரம் முளைத்த தக்காளி நாற்று அடியோடு சாய்ந்து கிடக்கும். பீர்க்கங்கொடியின் இலை மஞ்சளாகி இருக்கும். அடுத்து நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். நேராக உரக்கடைக்குப் போய், "செடி கருகுதுங்க, ஏதாச்சும் மருந்து குடுங்க" என்று கேட்கிறோம்.

கடைக்காரர் செடியைப் பார்க்கவில்லை. நாமும் சரியாகப் பார்க்கவில்லை. ஆனாலும் ஒரு பாக்கெட் கைமாறுகிறது. அது அந்த நோய்க்கான மருந்தாக இல்லாவிட்டால் காசு வீண், செடியும் போகும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்தச் செடியில் இருந்துதான் நாளைக்கு ரசத்துக்குத் தக்காளியும் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குக் கீரையும் பறிக்கப் போகிறோம். மருந்து வேண்டாம் என்றுதான் வீட்டில் தோட்டமே போட்டோம். அங்கேயும் தெரியாத மருந்தைத் தெளித்தால் தோட்டம் போட்டதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் நோயைத் தாங்களே அடையாளம் காண்பதற்கும், பெரும்பாலான நோயை மருந்தில்லாமலே தடுப்பதற்கும், தேவைப்படும்போது கைபேசி வழியாகச் சரியான ஆலோசனை பெறுவதற்கும் இந்தப் பாடம் உதவும்.

பூஞ்சாணம் எப்படி வருகிறது?

ரெண்டு நாள் வெளியில் கிடந்த இட்லியில் பூசணம் பிடிக்கிறதல்லவா, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் செடியைத் தாக்கும் பூஞ்சாணங்களும். கண்ணுக்குத் தெரியாத பொடிபோன்ற வித்துகள் மூலம் பரவும். காற்று, மழைத்துளி, நம் கை, கத்தரிக்கோல், பழைய மண் எல்லாமே அதற்கு வாகனம். அந்த வித்துகள் எந்நேரமும் காற்றில் இருக்கின்றன. அவற்றை நம்மால் தடுக்க முடியாது.

ஆனால் வித்து இலையில் விழுந்தால் மட்டும் நோய் வந்துவிடாது. பெரும்பாலான பூஞ்சாணங்களுக்கு, முளைத்து இலைக்குள் நுழைய ஈரம் வேண்டும். அதுவும் சில மணி நேரம் தொடர்ந்து ஈரம் இருக்க வேண்டும். உதாரணமாக, ரோஜாவின் கரும்புள்ளி நோய் தொற்றுவதற்கு இலை சுமார் 7 மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். அதற்கு முன் இலை காய்ந்துவிட்டால் வித்து வீணாகிவிடும்.

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்லலாம்: நம் கையில் இருப்பது இலை எத்தனை மணி நேரம் நனைந்திருக்கிறது என்பதுதான். வித்தை நம்மால் நிறுத்த முடியாது. ஈரத்தைக் குறைக்க முடியும்.

பூஞ்சாணத்தைச் சின்ன விஷயமாக நினைத்துவிட வேண்டாம். இலங்கையில் 1869-ல் காப்பிச் செடியில் துரு நோய் என்ற பூஞ்சாண நோய் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தீவின் காப்பித் தொழிலே சரிந்தது. நம் பக்கத்தில் இருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்த காப்பித் தோட்டங்கள் தேயிலைத் தோட்டங்களாக மாறின. இலையின் அடியில் ஒட்டியிருந்த ஆரஞ்சு நிறப் பொடி ஒரு நாட்டின் விவசாயத்தையே மாற்றிவிட்டது.

நம்ம ஊர்ப் பருவமும் நோயும்

கொங்கு நாட்டில் பூஞ்சாணத்துக்கு மூன்று காலங்கள் உண்டு.

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வரும். மழை அதிகம் இல்லாவிட்டாலும் வானம் மூடியிருப்பதால் இலை சீக்கிரம் காயாது. இலைப்புள்ளி நோய்கள் மெதுவாகத் தொடங்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. கோவைச் சமவெளிக்கு ஆண்டின் முக்கியமான மழை இதுதான். நாற்றழுகல், வேரழுகல், கரும்புள்ளி, அடிச்சாம்பல் எல்லாம் இந்தக் காலத்தில்தான் வேகமாகப் பரவும்.

மார்கழி, தை மாதங்களில் மழை இருக்காது. ஆனால் இரவில் பனி, பகலில் வெயில். இது சாம்பல் நோய்க்குப் பிடித்த பருவம். "மழையே இல்லையே, எப்படிங்க நோய் வரும்?" என்று பலர் ஏமாறுவது இந்த மாதங்களில்தான்.

அடையாளம் காண்பது எப்படி?

இலையை மேலாக மட்டும் பார்த்தால் போதாது. திருப்பிப் பாருங்க, விரலால் தேய்த்தும் பாருங்க. பாதி நோய்கள் இந்த ரெண்டு செயலிலேயே பிடிபட்டுவிடும்.

சாம்பல் நோய்: இலையின் மேல் திருநீறு தூவியதுபோல வெள்ளைப் பொடி இருக்கும். விரலால் தேய்த்தால் கையோடு வரும். வெண்டை, பூசணி, ரோஜா இவற்றில் அதிகம். இந்த நோய் மட்டும் விதிவிலக்கு. இது தொற்ற இலை நனைய வேண்டியதில்லை, இரவுக் குளிரும் காற்றிலுள்ள ஈரப்பதமும் போதும். நெருக்கமாக, நிழலில், காற்றோட்டம் இல்லாமல் இருக்கும் செடியைத்தான் முதலில் பிடிக்கும்.

அடிச்சாம்பல் நோய்: பீர்க்கன், பாகல், வெள்ளரிக் கொடிகளில் வரும். இலையின் மேல்பக்கம் நரம்புகளுக்கு நடுவே மூலை மூலையாக மஞ்சள் கட்டங்கள் தெரியும். விடியற்காலையில் இலையைத் திருப்பினால் அந்தக் கட்டத்துக்கு நேர் கீழே சாம்பல் அல்லது ஊதா நிறத்தில் மெல்லிய படலம் இருக்கும். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இது சாம்பல் நோய் அல்ல, மருந்தும் வேறு. சாம்பல் நோய்க்குப் போடும் கந்தகத்தை இதற்குப் போட்டால் வேலை செய்யாது.

நாற்றழுகல் நோய்: விதை முளைத்து ரெண்டு இலை விட்ட நாற்று, மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நீர்கோத்து மெலிந்து சாய்ந்துவிடும். ராத்திரி நன்றாக இருந்தது, காலையில் படுத்திருக்கும். தக்காளி, மிளகாய், கத்தரி, கீரை நாற்றுகளில் இது சகஜம். விதையை நெருக்கி விதைத்ததும், தண்ணீர் அதிகமாக ஊற்றியதுமே பெரும்பாலும் காரணம்.

ரோஜா கரும்புள்ளி நோய்: இலையின் மேல்பக்கம் ஓரம் சிதைந்த கருப்பு வட்டங்கள், சுற்றிலும் மஞ்சள் நிறம். கீழ் இலையில் தொடங்கி மேலே ஏறும். இலைகள் உதிர்ந்து குச்சி மட்டும் நிற்கும்.

தக்காளி இலைக்கருகல்: கீழ் இலைகளில் பழுப்புப் புள்ளி. உற்றுப் பார்த்தால் மரத்தை அறுத்த இடத்தில் தெரியும் வளையங்கள்போல ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது மண்ணில் உள்ள வித்து கீழ் இலைக்குப் போகிறது.

மிளகாய் நுனிக்கருகல், பழ அழுகல்: கிளை நுனியில் இருந்து கீழ்நோக்கிக் காயும். பழுத்த மிளகாயில் குழிவிழுந்த புள்ளிகள் வரும். இது விதை மூலமும் பரவும். நோய் வந்த பழத்தில் இருந்து அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைக்காதீங்க.

கரும்பூசணம்: கறிவேப்பிலை, எலுமிச்சை, கொய்யா இலைகளில் அடுப்புக்கரி பூசியதுபோல இருக்கும். இது செடியைத் தின்னும் பூஞ்சாணம் இல்லை. அசுவினி, வெள்ளை ஈ, செதில்பூச்சி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகள் கழிக்கும் இனிப்பான கழிவின் மேல் வளர்வது. ஆகவே பூஞ்சாண மருந்து இதற்குத் தேவையே இல்லை. பூச்சியைக் கட்டுப்படுத்தினால் இது நின்றுவிடும். எறும்பு வரிசையாகச் செடியில் ஏறுகிறதா என்று பாருங்க. ஏறினால் மேலே பூச்சி இருக்கிறது என்று அர்த்தம்.

பூஞ்சாணம்போலத் தெரியும், ஆனால் இல்லை

தவறான மருந்து அதிகம் வீணாவது இந்த மூன்று இடங்களில்தான்.

வெண்டை இலையில் நரம்பு மட்டும் வலைபோல மஞ்சளாகத் தெரிந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வைரஸால் வருவது, வெள்ளை ஈ பரப்புவது. எந்தப் பூஞ்சாண மருந்தும் இதைக் குணப்படுத்தாது. அந்தச் செடியைப் பிடுங்கி அகற்றுவதும், மற்றச் செடிகளில் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதும்தான் வழி.

மிளகாய் இலை படகுபோலச் சுருண்டால் பெரும்பாலும் அது இலைப்பேன், சிலந்திப்பேன் அல்லது வைரஸ் வேலை.

தக்காளிச் செடி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடினால் பாக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம். வீட்டிலேயே சோதிக்கலாம். தண்டின் அடிப்பகுதியில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் நுனி மட்டும் தொடும்படி பிடித்து, சில நிமிடம் அசையாமல் பாருங்க. வெட்டிய இடத்தில் இருந்து பால்போல வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா. பூஞ்சாண மருந்து வாங்க வேண்டாம். செடியை மண்ணோடு அகற்றிவிட்டு, அந்தப் பையில் தக்காளி, கத்தரி, மிளகாய் தவிர வேறு ஏதாவது வையுங்க.

செலவில்லாத தடுப்பு முறைகள்

1. தண்ணீரை வெள்ளென ஊற்றுங்க. சாயங்காலம் ஓஸ் பைப்பில் செடி முழுக்கக் குளிப்பாட்டினால் இலை விடிய விடிய நனைந்தே கிடக்கும். பூஞ்சாணத்துக்கு அதுதான் வேண்டும். காலையில் ஊற்றினால் வெயில் ஏறியதும் இலை காய்ந்துவிடும். குடிநீர் முறை வைத்து வரும் வீடுகளில் சாயங்காலம்தான் தண்ணீர் கிடைக்கும் என்றால், இலையில் படாமல் அடியில் மட்டும் ஊற்றுங்க.

2. விரலை விட்டுப் பார்த்து ஊற்றுங்க. தென்னை நார்க்கழிவு கலந்த பைகளில் மேலே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். ரெண்டு அங்குலம் விரலை விட்டு ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். பையின் அடித் துளைகள் அடைபட்டிருக்கிறதா என்று மழைக்கு முன்பு ஒரு தடவை பாருங்க. பைகளைத் தரையில் நேராக வைக்காமல் ரெண்டு செங்கல் மேல் வைத்தால் வடிகால் நன்றாக இருக்கும்.

3. காற்று புகும்படி இடைவெளி விடுங்க. இலையோடு இலை உரசும் அளவுக்குப் பைகளை நெருக்கி வைக்கக் கூடாது. ரோஜாவில் நடுவில் குறுக்கே வளரும் குச்சிகளைக் கவாத்து செய்யுங்க. தக்காளியில் தரையில் இருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மண்ணின் மேல் காய்ந்த சருகு அல்லது வைக்கோல் மூடாக்குப் போட்டால் மண் தெறிப்பது குறையும்.

4. நோயுற்ற இலையை அன்றைக்கே எடுங்க. உதிர்ந்ததையும் பொறுக்கி எடுங்க. அவற்றை வீட்டு உரத்தொட்டியில் போடாதீங்க. சின்னத் தொட்டியில் வித்துகள் சாகும் அளவுக்குச் சூடு ஏறாது. எரிக்கவும் வேண்டாம். பையில் கட்டிக் குப்பையோடு கொடுத்துவிடுங்க. கத்தரிக்கோலை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும் முன் ஸ்பிரிட்டில் துடையுங்க. நோயுள்ள செடியைக் கடைசியாகத் தொடுங்க.

5. பழைய மண்ணுக்குச் சித்திரை வெயில் காட்டுங்க. போன போகத்து மண்ணை ஈரப்படுத்தி, மாடியில் மெல்லிசாகப் பரப்பி, நிறமில்லாத பாலித்தீன் விரிப்பால் இறுக்கி மூடி 4 முதல் 6 வாரம் விடுங்க. உள்ளே ஏறும் சூட்டில் நோய்க் கிருமிகளில் பெரும்பகுதி அழிந்துவிடும். இது 1970-களில் இஸ்ரேலில் ஆராய்ந்து பரவலான முறை. நம்ம ஊர்ச் சித்திரை வெயிலுக்குப் பொருத்தமானது.

தளையில் வந்த அந்தப் பாக்கெட் எங்கே?

தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கியது பலருக்கு நினைவிருக்கும். 2021-22 திட்டத்தில் 900 ரூபாய் மதிப்புள்ள தளை 225 ரூபாய்க்குக் கிடைத்தது. செடி வளர்க்கும் பைகள், தென்னை நார்க் கட்டிகள், விதைகள் இவற்றோடு 200 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி பாக்கெட்டும் அதில் இருந்தது. பல வீடுகளில் பையும் விதையும் பயன்பட்டன, அந்தப் பாக்கெட் மட்டும் பரணில் கிடக்கிறது. உண்மையில் நோய்த் தடுப்புக்கு வந்ததே அதுதான்.

டிரைக்கோடெர்மா ஒரு நன்மை செய்யும் பூஞ்சாணம். மண்ணில் உள்ள கெட்ட பூஞ்சாணத்தைச் சுற்றி வளைத்து உண்ணும், அதற்கு இடம் கொடுக்காமல் வேரைச் சுற்றித் தானே வளரும். நாற்றழுகலுக்கும் வேரழுகலுக்கும் நல்ல தடுப்பு. நோய் வருவதற்கு முன்பே போட வேண்டும் என்பதுதான் முக்கியம்.

பயன்படுத்தும் முறை: நன்றாக மக்கிய தொழு உரம் 10 கிலோவுக்கு 100 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, நிழலில் ஈரச்சாக்கால் மூடி 15 நாள் வையுங்க. அதன் பிறகு பைக்கு ரெண்டு மூன்று கைப்பிடி வீதம் மண்ணில் கலக்கலாம். விதை நேர்த்திக்குக் கிலோ விதைக்கு 4 கிராம் என்பது அளவு. வீட்டு விதைக்கு ஒரு சிட்டிகை போதும். ரெண்டு சொட்டு ஆறிய சோற்றுக்கஞ்சியில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதையுங்க.

இதோடு இன்னொன்றும் உண்டு. சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா. இதில் பிஎப்-1 என்ற ரகத்தை டால்க் பவுடரில் கலந்து பயன்படுத்தும் முறையை உருவாக்கியது நம்ம கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்தான். விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 10 கிராம் என்பது அதன் பரிந்துரை.

ரெண்டுமே உயிருள்ளவை. வாங்கும்போது காலாவதித் தேதி பாருங்க. வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்க. ரசாயனப் பூஞ்சாண மருந்தோடு சேர்த்துக் கலக்காதீங்க, செத்துப் போய்விடும். பரணில் பல வருஷம் கிடந்த பாக்கெட்டை நம்பிப் பயனில்லை, புதிதாக வாங்கிக்கொள்ளுங்க.

நோய் வந்த பிறகு என்ன செய்வது?

சாம்பல் நோய்க்குப் பால்: பிரேசில் நாட்டு ஆய்வாளர் வாக்னர் பெட்டியால் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், பசும்பாலைத் தண்ணீரில் கலந்து வாரம் ஒருமுறை தெளித்ததில் சுக்கினி எனும் சீமைப் பூசணியில் சாம்பல் நோய் நன்கு கட்டுப்பட்டது. ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, காலையில் இலையின் இருபக்கமும் தெளியுங்க. வெயில் உள்ள நாளில் தெளிப்பது நல்லது. ஆரம்ப நிலையில்தான் பலன். இலை முழுக்க வெள்ளையான பிறகு அந்த இலையைக் கிள்ளுவதே மேல்.

அது போதாவிட்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும். பூசணி, வெள்ளரிக் குடும்பத்தில் சில ரகங்கள் கந்தகம் தாங்காது, ஒரு இலையில் தெளித்து ரெண்டு நாள் பார்த்துவிட்டு மேலே செல்லுங்க. கறிவேப்பிலைக்குக் கந்தகம் தெளிக்கவே கூடாது.

கரும்பூசணத்துக்கு மைதாக் கஞ்சி: 50 கிராம் மைதாவைக் கால் லிட்டர் தண்ணீரில் காய்ச்சி ஆறவைத்து, ஒரு லிட்டராகக் கரைத்து வெயில் நாளில் தெளியுங்க. காய்ந்ததும் பொருக்குப் பொருக்காகக் கருப்போடு சேர்ந்து உதிர்ந்துவிடும். மேகமூட்டமான நாளில் செய்ய வேண்டாம். பூச்சிக்கு வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலம் தெளியுங்க.

இலைப்புள்ளி, அடிச்சாம்பலுக்குப் போர்டோ கலவை: இது பிரான்சில் பிறந்தது. போர்டோ வட்டாரத்தில் வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறிக்காமல் இருக்க, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததைப் பேராசிரியர் மில்லார்டே கவனித்து, ஆராய்ந்து 1885-ல் வெளியிட்டார்.

ஒரு லிட்டர் தயாரிக்க: 10 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரையுங்க. 10 கிராம் சுண்ணாம்பை இன்னொரு வாளியில் அரை லிட்டரில் கரைத்து வடிகட்டுங்க. மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மரக்குச்சியால் கலக்குங்க. இரும்பு, தகரப் பாத்திரம் கூடாது. தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் வைத்து எடுங்க. செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றைக்கே தெளித்துவிடுங்க. கண்ணில் படாமல், குழந்தைகள் எட்டாத இடத்தில் வைத்துச் செய்யுங்க. அறுவடைக்குத் தயாரான கீரைக்கு இது வேண்டாம்.

கடை மருந்துதான் வேண்டும் என்றால்: நோய் என்ன என்று உறுதியான பிறகு மட்டும் வாங்குங்க. பில் கேட்டு வாங்குங்க. டப்பாவில் உள்ள சாய்சதுரக் குறியைப் பாருங்க: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை குறைந்த நஞ்சு. உங்கள் செடியின் பெயர் லேபிளில் இருக்கிறதா, தெளித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று எழுதியிருக்கிறதா என்று படியுங்க. அந்தக் காத்திருப்புக் காலம் முடியும் முன் பறிக்காதீங்க. மருந்தைப் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது உயிருக்கே ஆபத்து. கீரை, கொத்தமல்லி, புதினாவுக்கு ரசாயன மருந்து தெளிப்பதைவிட, பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி விதைப்பதே மேல். மூன்று நாலு வாரத்தில் புதுக் கீரை வந்துவிடும்.

கைபேசி வழியாகக் கேளுங்க

சந்தேகம் வந்தால் கடைக்குப் போகும் முன் கேட்பதற்கு இடங்கள் இருக்கின்றன.

உழவன் செயலி: தமிழ்நாடு அரசு 2018-ல் தொடங்கியது. கைபேசியில் பதிவிறக்கி, பதிவு செய்தால் தமிழிலேயே பயன்படுத்தலாம். பயிர் வழிகாட்டி, வானிலை அறிவுரை, பூச்சி நோய் பரிந்துரை, மானியத் திட்டங்கள் போன்ற பகுதிகள் இதில் உண்டு. வானிலைப் பகுதியை மட்டும் தினமும் பார்த்தாலே போதும். மழை வருகிறது என்று தெரிந்தால் அன்றைக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டீர்கள், மருந்தும் தெளிக்க மாட்டீர்கள்.

கிசான் கால் சென்டர்: 1800-180-1551. கட்டணம் இல்லை. காலை 6 முதல் இரவு 10 மணி வரை தமிழில் பேசலாம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்: 1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி 1906-ல் கோவைக்கு வந்தது, 1971-ல் பல்கலைக்கழகம் ஆனது. இதன் வேளாண் இணையதளத்தில் ஒவ்வொரு பயிருக்கும் நோய் அறிகுறிகள் படத்தோடு தமிழில் இருக்கின்றன. உங்கள் இலையையும் அந்தப் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

யாரிடம் கேட்டாலும் நல்ல பதில் கிடைக்க நல்ல படம் வேண்டும். நாலு படம் எடுங்க: செடி முழுவதும் ஒன்று, நோயுள்ள இலையின் மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, தண்டு மண்ணைத் தொடும் இடம் ஒன்று. காலை வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் எடுங்க. இலைப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் புள்ளியின் அளவு தெரியும். எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், இதுவரை என்ன தெளித்தீர்கள் என்ற மூன்றையும் மறக்காமல் சொல்லுங்க.

வாரம் பத்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி டம்ளரோடு மாடிக்குப் போங்க. செடிக்கு ரெண்டு கீழ் இலையைத் திருப்பிப் பாருங்க. புள்ளி இருந்தால் கிள்ளுங்க. விரலை மண்ணில் விட்டு ஈரம் பாருங்க. எறும்பு ஏறுகிறதா பாருங்க. புதிதாக ஏதாவது தெரிந்தால் படம் எடுத்து வையுங்க, அடுத்த வாரம் அதே இலையோடு ஒப்பிட்டால் நோய் பரவுகிறதா நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

முதல் புள்ளியில் பிடித்துவிட்டால் ஒரு இலையோடு போகும். செடி முழுக்கப் பரவிய பிறகு பிடித்தால் மருந்து, செலவு, காத்திருப்பு என்று நீளும். இந்த வாரம் தண்ணீர் ஊற்றும் நேரத்தைக் காலைக்கு மாற்றுவதில் இருந்து தொடங்குங்க. பைசா செலவில்லாத மருத்துவம் அதுதானுங்க.